தங்கப்பன் வண்டி ஒழுகுகிறது

ஸ்ரீவராகம் குளத்துக்கு வடக்கே போகும் தெருவில், திரவியம் பிள்ளை வீட்டு வாசலில் நின்ற வண்டியைக் கார் என்று சொல்லத் தெருவில் பாதிப் பேருக்கு மனசு வரவில்லை. கார் என்றால் நாலு கதவு, நாலு ஜன்னல், பின் சீட்டில் ஒரு பெரிய மனிதர். இதற்குக் கதவு இரண்டு, அதுவும் இடுப்பளவு. சீட்டு இரண்டு. மேலே கித்தான் கூரை இருந்ததாகச் சொல்வார்கள்; கம்பிகள் மட்டும் மிச்சம். மூக்கு நீளமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்; பின்பக்கத்தை யாரோ அவசரத்தில் வெட்டிக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கும். பந்தயம் விடுவதற்கென்று சண்டைக்கு முந்தியே சீமையில் செய்த பச்சை வண்டி. மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட் துரை கப்பலேறும்போது, வாங்க ஆளில்லாமல், தன் கணக்கப்பிள்ளை தங்கப்பனுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனதில் தனக்குக் கிடைத்த பங்கு இதுதான் என்று தங்கப்பன் சொல்லிக்கொள்வான்.

போன ஐப்பசியில் தங்கப்பன் மலைக்காய்ச்சலில் செத்துப்போனான். வண்டி அவன் தங்கை வடிவாம்பாளுக்கு வந்தது.

வடிவாம்பாள் திரவியம் பிள்ளையின் தம்பி தாணுலிங்கத்தின் மனைவி. கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கப்பன் லீவில் இறங்கி வரும்போதெல்லாம் சங்குமுகம் ரோட்டில் அவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கினான். அவள் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வண்டி அவளுடையதாக ஆகும்வரைக்கும் வீட்டில் எல்லோரும் அதை நல்ல தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வந்த நாள் முதல் வண்டிக்கு நோக்காடு. முதலில் ஓரிடத்தில் சொட்டியது. கொஞ்ச நாளில் எல்லா இடத்திலும் கசிந்தது. இஞ்சினை முடுக்கி, ஓட்டாமல் நின்ற இடத்தில் விட்டால், வெறிநாய் கடித்தவன் தண்ணீரைக் கண்டதுபோல் உதறும். உதறி, ஒரு கருநீலப் புகையை விட்டு, செத்துப்போகும். மறுபடி உயிர்ப்பிக்கத் தாணுலிங்கம் முன்னால் குனிந்து இரும்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். அவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற மனிதர். சுற்றிச் சுற்றி அவர் வலது கை மட்டும் பயில்வான் கைபோல் ஆகிவிட்டது.

ஐப்பசித் துலா மழைக்கு முன்னோடியாக இடி உருண்டுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், திரவியம் பிள்ளை தன் வேட்டியின் கரையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து வடிவாம்பாளுக்குக் காட்டினார்.

“பிள்ளே, இது என்னாது?”

“எண்ணெ, அத்தான்.”

“கலால் இலாகாவில ஆயுசு பூரா கெடந்தவனாக்கும் நான். காட்டுக்குள்ள ஒழுகுற சாராயப் பானை எம்புட்டோ கண்டிருக்கேன். இப்பிடி நாலாபக்கமும் ஒழுகுற சாதனத்தை இப்பம்தான் காணுகேன்.”

“ஒழுக்கை நிறுத்திரலாம் அத்தான்.”

“நிறுத்து. கோயில்ல அல்பசி உற்சவத்துக்குக் கொடி ஏறதுக்குள்ள நிறுத்து. அண்ணைக்குத்தான் நாகர்கோயில்லேருந்து எம்மகளப் பொண்ணு பாக்க வாறாங்க. வாசல்ல ஒரு சொட்டு கெடக்கப்படாது. முடுக்கினா அடங்கி நின்னு ஓடணும், இந்தத் துள்ளல் துள்ளப்படாது. ரெண்டும் ஆச்சுன்னா நிக்கட்டும். ஆகலேன்னா சாலைக்கடைத் தெரு இரும்புக்கடைக்காரன் வருவான். சொல்லியாச்சு.”

திரவியம் பிள்ளைக்கு எண்ணெயின் மேல் சொந்த விரோதம் ஒன்றும் கிடையாது. வாசலில் இப்படி ஒரு வண்டி நின்றால் நாகர்கோவில்காரர்கள் யாருடையது என்று கேட்பார்கள். தங்கப்பனுடையது என்று சொன்னால் தங்கப்பனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்பார்கள். அப்போது எலிசாள் பேர் வரும்.

எலிசாள் போனக்காட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். ஏசுவைக் கும்பிடுகிறவள். ஏழெட்டு வருஷமாகத் தங்கப்பன் வீட்டில் உலை வைத்தவள். தங்கப்பன் செத்த அன்று ஆண்கள் மட்டும் மலையேறிப் போய், அவளைக் கூலிக்காரர் லயத்து வாசலில் நிறுத்திவிட்டு, எரித்துவிட்டு, தகரப்பெட்டியோடும் வண்டியோடும் இறங்கி வந்தார்கள். வடிவாம்பாளைக் கூட்டிப்போகவில்லை, பெண்கள் போகிற வழக்கமில்லை. அன்று முழுக்க அவள் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். அந்தத் தேங்காய்த் துருவலை அவள் மறக்கவில்லை.

தங்கப்பனுக்கு அப்பா, அம்மா இல்லை, பிள்ளையில்லை. ஆண்டுப் படையல் போட ஆளில்லை. தானே எலிசாளைக் கூட்டிவந்து, தங்கப்பன் லீவில் வந்தால் உட்கார்ந்து சாப்பிட்ட இந்த வீட்டிலேயே இலை போட வேண்டும் என்று வடிவாம்பாள் முடிவு செய்திருந்தாள். ஆண்டு விழுந்ததோ சரியாகக் கொடியேற்றத்தன்று. வித்துராவரை பஸ் உண்டு. அதற்கு மேல் காட்டுப் பாதை. போய்க் கூட்டிக்கொண்டு ஒரே பகலில் திரும்ப வண்டி வேண்டும். இது திரவியம் பிள்ளைக்கும் தெரியும். அவர் இரும்புக்கடைக்காரனைப் பற்றி நினைத்தது அதனால்தான்.

கிழக்கேகோட்டையில் பட்டறை வைத்திருந்த வேலுக்குட்டி மேஸ்திரியைத் தாணுலிங்கம் கூட்டிவந்தார். வேலுக்குட்டி உரத்த குரல்காரன். பஸ் இஞ்சின்களோடு பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கீழே படுத்து எழுந்து, மூக்கில் ஒரு கறுப்புச் சொட்டோடு சொன்னான்:

“அம்மே, இது ஒழுகுன்ன வண்டி இல்லா. எண்ணெகொண்டு குளிக்குன்ன வண்டியாணு.”

“சனிக்கிழமைதானே, குளிக்கட்டும்” என்றாள் வடிவாம்பாள். “ நீ காரியத்தச் சொல்லு.”

“கேஸ்கட் மாத்தாம்.”

கேஸ்கட் மாற்றினான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வடிவாம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகும் வழியில் குடத்தோடு நின்று பார்ப்பார்கள். மேல்மூடியில் புதுத் தக்கை வைத்தால் பக்கமூடியில் கசிந்தது. பக்கமூடியை இறுக்கினால் முன்பக்கப் பல்சக்கர மூடியில் கசிந்தது. அங்கே அடைத்தால் பின்னால், கிளட்ச் பெட்டிக்கடியில், மூக்குத்திபோல் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. வேலுக்குட்டியின் தொழில்முறை நேர்மையானது: ஒழுகுகிற இடத்தை அடைப்பான். அடுத்த இடம் ஒழுகினால் அதையும் அடைப்பான். இப்படியே போனால் என்றைக்காவது இடம் தீர்ந்துபோகும் என்று நம்பினான்.

உதறலுக்கு வைத்தியம் தனி. ஓடுகிற இஞ்சினில் பிளக் ஒயரை ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்த்தான். முதல் ஒயரைக் கழற்றினால் இஞ்சின் தொய்ந்தது. இரண்டாவதற்கும் தொய்ந்தது. மூன்றாவதையும் நாலாவதையும் கழற்றினால் அதற்கு ஒரு கவலையும் இல்லை.

“கண்டோ? ரெண்டு பேர் பணி எடுக்குந்நு. ரெண்டு பேர் வெறுதே சம்பளம் வாங்கிக்கிட்டு இருக்கான்.”

“நம்ம ஆபீசு மாதிரி” என்று எதிர்வீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள்.

பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து, எண்ணெயில் ஊறி, வடைச்சட்டியில் விழுந்து கிடந்ததுபோல் வந்தது. பெட்ரோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டினால் கொஞ்ச நேரம் அடங்கி ஓடும். மறுபடி நனையும், மறுபடி உதறும்.

“கீழேந்து எண்ணெ மேல கேறுது” என்றான் வேலுக்குட்டி. “பிஸ்டன் ரிங் போயி அம்மே. இனி இஞ்சினை எறக்கிக் கோயமுத்தூர் அனுப்பணும். உற்சவம் கழிஞ்ஞு நோக்காம்.”

“உற்சவம் கழிஞ்சா வண்டி இரும்புக்கடையிலயாக்கும் இருக்கும்.”

“எந்தா செய்யா? வயசாயி.”

“எம்புட்டு வயசு? எனக்கு இளசுதான் இது. கேளு மேஸ்திரி. எங்கண்ணன் மலையில இதைத்தான் ஓட்டினான். ஏத்தமும் எறக்கமும். அப்பம் புகை கெடையாது, துள்ளல் கெடையாது. இந்தத் தெருவுல வந்து நிக்கத் தொடங்கினதுக்கு அப்பறமாக்கும் இத்தனையும். சும்மா நிக்கிற வண்டிக்கு ரிங் தேயுமா?”

வேலுக்குட்டி தலையைச் சொறிந்தான். சொறிந்த இடம் கறுப்பானது.

“அப்பம் தெருவுக்காணு கொழப்பம்” என்றான்.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் எப்படியோ உதறிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி சுற்ற வேண்டும் என்ற பயத்தில் தாணுலிங்கம், ஓடும்போதே எண்ணெய் ஊற்றிவிடலாம் என்று மேல்மூடியின் திருகாணித் தக்கையைக் கழற்றினார். பாதி திருகியதுமே அது கையை விட்டுத் துள்ளியது. ஓட்டையிலிருந்து சாம்பல் நிறப் புகை சீறிக்கொண்டு வந்து அவர் கண்ணாடியை மூடியது.

“அய்யோ, தீயா?”

“தீயில்லா சாரே, மாறி நில்லு!”

வேலுக்குட்டி குனிந்தான். பக்கமூடியின் விளிம்பில் நுரைத்துக்கொண்டிருந்த எண்ணெய் நின்றிருந்தது. அவன் அந்த ஓட்டையின்மேல் உள்ளங்கையை அழுத்தினான். விளிம்பில் மறுபடி குமிழி கட்டியது. கையை எடுத்தான். நின்றது. வைத்தான், எடுத்தான்.

“அம்மே, இங்கு வா. நோக்கு.”

வடிவாம்பாள் தன் கையை வைத்துப் பார்த்தாள். கைக்கடியில் சூடான காற்று முட்டித் தள்ளியது. எடுத்தாள். கசிவு நின்றது.

“உள்ள காத்து முட்டுது” என்றான் வேலுக்குட்டி. “அதாணு எல்லா ஓரத்துலயும் எண்ணெயத் தள்ளுந்நது. அதாணு பிளக்குவரை கேற்றுந்நது. ஒழுக்கும் துள்ளலும் ரெண்டு நோக்காடு இல்லா, ஒரே நோக்காடாணு. எல்லா இஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு குழாய் உண்டு. இதுக்கு எவிட? நான் கண்டிட்டில்லா.”

வடிவாம்பாள் குனிந்தாள். இஞ்சின் பக்கத்தில் ஒட்டி, தரையைப் பார்த்து வளைந்து இறங்கிய கட்டைவிரல் பருமன் குழாயைப் பார்த்தாள். அதன் நுனி உருண்டையாக, கறுப்பாக, பளபளப்பாக முடிந்திருந்தது. வேலுக்குட்டி இத்தனை நாளும் அதை ஏதோ முட்டுக்கம்பி என்று நினைத்திருந்தான்.

வண்டி வந்த முதல் வாரம் சொட்டியது அந்த நுனியில்தான். விடிகாலையில் திரவியம் பிள்ளையின் மனைவி சிவகாமியம்மாள் போட்ட கோலத்தில் நேர் நடுவில் ஒரு சொட்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அந்த வீட்டார் கெட்டிக்காரர்கள். வடிவாம்பாள் ஒரு துண்டு தேங்காய்க் கதம்பையை எடுத்து, நாரைத் திரித்து, அரிவாள்மணைக் கட்டையால் உள்ளே அடித்து இறக்கி, மேலே மெழுகுசீலை சுற்றிக் கட்டினாள். ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, குடைக்கம்பி என்று அசையாத எதற்கும் பெயிண்ட் அடிக்கும் வழக்கமுள்ள தாணுலிங்கம் அதற்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்.

“யாரு செய்த பணி இது?” என்றான் வேலுக்குட்டி.

“நான்தான்.”

“கொள்ளாம். செய்த கம்பெனிக்காரன்கூட இத்தற பெலமா அடைக்கில்லா.”

“பெயிண்ட் நான்” என்றார் தாணுலிங்கம். பாராட்டில் தன் பங்கை விட அவருக்கு மனமில்லை.

அவள் மீன் அரிகிற கத்தியை எடுத்துவந்து, தரையில் முதுகுபடப் படுத்து, சீலையை அறுத்தாள். கதம்பை லேசில் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்து இழுத்ததும், எண்ணெயில் ஊறிய பெருச்சாளிபோல் நழுவி அவள் தோளில் விழுந்தது. குழாய் ஒரு முறை இருமியது. பிறகு சீராகப் புகையை ஊதியது. வேலுக்குட்டி பிளக்குகளைத் தேய்த்து மாட்டினான். தாணுலிங்கம் சுற்றினார்.

இஞ்சின் நின்ற இடத்தில் நின்று ஓடியது. உதறல் இல்லை. முன்விளக்கின்மேல் வேலுக்குட்டி ஒரு பிளக்கைத் தலைகீழாக நிறுத்தி வைத்தான், அது விழவில்லை. துடைத்த விளிம்புகள் துடைத்தபடியே இருந்தன. குழாய் நுனியில் மட்டும் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.

“அது?” என்றார் தாணுலிங்கம்.

“அது ஒழுகணும் சாரே. அது ஒழுகலேன்னா பாக்கி எல்லாம் ஒழுகும்.”

“அண்ணன் ஒரு சொட்டுன்னாக்கும் சொன்னது. நான் ஒரு டின் எடுத்துட்டு வாறேன். கட்டித் தொங்கவிட்டா ஆச்சு. கறுப்புப் பெயிண்டும் அடிச்சிருவேன், தெரியாது.”

வடிவாம்பாள் எழுந்து புடவையை உதறினாள். முதுகு முழுக்க மண்.

“டின் வேண்டாம்.”

“வேண்டாமா?”

“டின் கட்டினா நாளைக்குச் சத்தம் பிடிக்கலேம்பாரு. சத்தத்தை அடைச்சா நெறம் பிடிக்கலேம்பாரு. ஒருக்க அவுகளுக்காக அடைச்சு வண்டியக் கொல்லப் பாத்தாச்சு. மதி, போதும்.”

கொடியேற்றத்தன்று காலை திரவியம் பிள்ளை குளித்து, நீறு பூசி, இரும்புக்கடைக்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருந்த நிம்மதியோடு வாசலுக்கு வந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் சக்கரத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாணுலிங்கம் குடையை மடியில் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். திரவியம் பிள்ளை குனிந்து தரையைப் பார்த்தார். கலால் இலாகாக் கண் தப்பாது.

“சொட்டு கெடக்கு.”

“கெடக்கும் அத்தான். அது மூச்சு விடுற குழாய். இனி தெனமும் கெடக்கும்.”

“அப்பம் நான் சொன்னபடி...”

“நீங்க எண்ணெயப் பத்தியா சொன்னிய?” அவள் இஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசினாள்; எனவே தெரு முழுவதற்கும் பேசினாள். “எலிசாளைப் பத்தியாக்கும் சொன்னிய. ஒரு வருசமா அவ பேரை எண்ணெ எண்ணெண்ணு சொல்லிட்டு இருக்கோம். நான் அவளைக் கூட்டிட்டு வரப் போறேன். மத்தியானம் இங்க தங்கப்பனுக்கு எலை போடணும்.”

எதிர்வரிசையில் இரண்டு கதவுகள் திறந்தன. அந்தப் பேர் அந்தத் தெருவில் சத்தமாக விழுந்தது அதுதான் முதல் தடவை.

“தாணு!” என்றார் திரவியம் பிள்ளை. “உம்பொஞ்சாதி என்ன பேசுகா? கேட்டுட்டா இருக்க?”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன் அண்ணே. எனக்கு நல்லாக் கேக்கு.”

“போனா அவளோட இந்த நடை ஏறப்படாது.”

“வந்து பேசிக்கிடலாம் அத்தான். இரும்புக்கடைக்காரன் வந்தா ஒரு காப்பி கொடுத்து அனுப்புங்க. மெனக்கெட்டு வாறான்.”

வண்டி போய்விட்டது.

பேரூர்க்கடை தாண்டியதும் தாணுலிங்கம் மெதுவாகக் கேட்டார்: “ரெண்டு சீட்டுதானே. திரும்பி வரும்பம் நான் எங்க இருக்க?”

“பஸ்ஸில.”

“செரி” என்று யோசித்துவிட்டு, “நெடுமங்காட்டுல நல்ல ஏத்தம்பழ அப்பம் கெடைக்கும்” என்றார்.

வித்துரா சந்தையில் அவரை இறக்கிவிட்டு, வடிவாம்பாள் தனியாக மலையேறினாள். முதல் கியரில் இஞ்சின் முனகியது; ஆனால் விடவில்லை. வளைவுக்கு வளைவு ஈரக் குளிர் ஏறியது. லயத்து வாசலில் எலிசாள் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தவள், ஓட்டி வந்தது யார் என்று கண்டதும் மறுபடி உட்கார்ந்தாள்.

“தங்கச்சியா? பாக்க வந்தீகளா, கூட்டிட்டுப் போக வந்தீகளா?”

“கூட்டிட்டுப் போக.”

“எந்த வழியா உள்ள விடுவீக? கொல்லை வழியாவா?”

“வண்டி கொல்லைக்குப் போகாது. முன்வாசல்லதான் நிக்கும்.”

எலிசாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கரி, கையில் எண்ணெய். “அவுகளும் இப்படித்தான் வந்து நிப்பாக” என்றாள். உள்ளே போய் வெள்ளைச் சேலை மாற்றிவந்தாள். “போலாம். யாராச்சும் வெளிய நிக்கச் சொன்னா இந்தத் தடவ நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அதுக்குத்தான் வந்தேன்.”

அவர்கள் ஸ்ரீவராகம் வந்து சேர்ந்தபோது வானம் கறுத்து, பட்டப்பகலில் விளக்கு வைத்திருந்தார்கள். நாகர்கோவில்காரர்கள் வந்து, முன்னறையில் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரவியம் பிள்ளை நடையின் நடுவில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றார். வடிவாம்பாள் வண்டியை நேர் வாசலில் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. அது சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“வழி விடுங்க அத்தான்.”

“விருந்தாள் இருக்காங்க. பெறகு பேசலாம். கொண்டு விட்டுட்டு வா.”

மழை தொடங்கியது. துலா மழை தூறலாகத் தொடங்குகிற வழக்கமில்லை. குடத்தைக் கவிழ்த்ததுபோல் விழுந்தது. கூரையில்லாத வண்டியில் இரண்டு பெண்களும் நனைந்தார்கள். எலிசாள் சேலையைத் தலைக்கு மேல் இழுத்துவிடக்கூட இல்லை.

“மலையில நனையாத நாளு ஏது?” என்றாள். “இருப்போம்.”

“இருப்போம்” என்றாள் வடிவாம்பாள். “பெட்ரோல் எம்புட்டோ கெடக்கு.”

நாகர்கோவில்காரர்களில் மூத்தவர் எழுந்து வந்து திரவியம் பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “யாருவே இது? மழையில இருக்காங்களே?”

திரவியம் பிள்ளை தோளை விரித்து மறைக்கப் பார்த்தார்.

“எங்க மைனி” என்றாள் வடிவாம்பாள், மழைக்கும் இஞ்சினுக்கும் மேலாக. “எங்கண்ணன் தங்கப்பன் பொஞ்சாதி. போனக்காட்டுலேருந்து வாறா. இண்ணைக்கு அவனுக்கு ஆண்டு.”

அப்போது அடுக்களையிலிருந்து சிவகாமியம்மாள் வந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் அவள் குரல் அடுக்களையைத் தாண்டியதில்லை. கரண்டி கையில் இருந்தது. புருஷனின் கைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்து, வண்டியில் இருந்தவளிடம் நேராகக் கேட்டாள்:

“எலிசா! தங்கப்பனுக்கு உள்ளித்தீயல்தானே இஷ்டம்? புளி எப்பிடி விடணும்? கூடவா, கொறச்சா? இங்க யாருக்கும் தெரியல்லே.”

எலிசாள் முகத்து மழையை வழித்துவிட்டாள்.

“புளி ஆகாது. வயித்துல புண்ணுல்லா அவுகளுக்கு” என்றாள். “வத்தலுக்குப் பதிலா நல்லமெளகு வச்சு, தேங்காயக் கருக வறுத்து அரைக்கணும். நீங்க அரைச்சா செரிவராது. அம்மி எங்க கெடக்கு?”

கேட்டுக்கொண்டே இறங்கி, சேலையைப் பிழிந்துவிட்டு, படியேறினாள். திரவியம் பிள்ளை நிலையிலிருந்து கையை எடுத்தார். எடுத்தது மரியாதைக்கா, மழைச்சாரல் வேட்டியில் அடித்ததற்கா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. எலிசாள் எந்தக் கட்சியையும் கேட்கவில்லை. நனைந்த சேலை சொட்டச் சொட்ட, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, நேராக அடுக்களைக்குப் போனாள்.